தலைக்கு முப்பத்து மூன்று டாலர்

1

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு வகுத்தல் கணக்கில் பிறந்தது.

பெருந்தொற்று ஆண்டில் அரசாங்கம் பண்ணைக்காரர்களுக்கு நிவாரணம் கொடுத்தது. யாருக்கு எவ்வளவு என்ற பட்டியலை மாவட்டவாரியாக, பெயர்வாரியாக யாரோ இணையத்தில் போட்டுவைத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மருந்துக்கடைக்கு விடுமுறை, வெளியே ஆளைத் தள்ளும் காற்று, எனக்கு வேறு வேலையில்லை. நெப்ராஸ்காவில் எங்கள் மாவட்டத்தைத் தட்டினேன். பாதிப்பேர் என்னிடம் ரத்த அழுத்த மாத்திரை வாங்குகிறவர்கள். மாட்டுக்காரர்களுக்குக் கொடுத்தது தலைக்கு முப்பத்து மூன்று டாலர். தொகையை முப்பத்து மூன்றால் வகுத்தால் மாடு எத்தனை என்று வந்துவிடும். வந்தது. ஒரு பெயருக்கு நேரே வந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கணினியை மூடினேன்.

மறுநாள் அந்த மனிதர் கடைக்கு வந்தார். மனைவியின் மருந்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. இருபத்து மூன்று வருடத்தில் இந்த ஊரில் நான் செய்த தவறுகளில் இதைத்தான் பெரியது என்பேன். சின்னதும் ஒன்று உண்டு, அதை அடுத்துச் சொல்கிறேன்.

அவர் பெயர் டெல்மர் ஓட்டே இல்லை. (இனிமேல் அதுதான் அவர் பெயர்.)

2

வந்த முதல் வருடம், தேவாலய விருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த ரஸ் ஹேபர்மன் என்பவரிடம், பேச ஏதாவது வேண்டுமே என்று, "உங்ககிட்ட எத்தனை மாடு இருக்கு?" என்று கேட்டுவைத்தேன். ரயில் கிளம்பிய பத்தாவது நிமிடம் எதிர் இருக்கைக்காரரின் சம்பளத்தைக் கேட்டுவிடுகிற கூட்டத்தில் பிறந்தவன் நான். மேசையில் கரண்டிச் சத்தம் நின்றது. ரஸ் மட்டும் சிரித்தான். (மரியாதை போய்விட்டது, கவனித்தீர்களா? ரஸ்ஸோடு பழகினால் பத்து நிமிடத்தில் போய்விடும்.)

"தாராளமா கேளுங்க. முதல்ல உங்க பேங்குல எவ்வளவு கெடக்குன்னு சொல்லுங்க, அப்புறம் நான் சொல்றேன்."

இங்கே "புல்லு எப்படி?" என்று கேட்கலாம். மழை உண்டா என்று கேட்கலாம். மாடு எத்தனை என்று கூடப்பிறந்தவனைக்கூடக் கேட்க மாட்டார்கள். அப்படியே யாராவது கேட்டுத் தொலைத்தால், ஆயிரம் வைத்திருப்பவரும் பத்து வைத்திருப்பவரும் சொல்வது ஒரே பதில்தான்: "கொஞ்சம் இருக்கு."

(ஒருவரிடம் நிறைய இருப்பதை இந்தப் பழக்கம் மறைத்துக் காப்பாற்றும். ஒருவரிடம் எதுவும் மிஞ்சவில்லை என்பதையும் அதே அக்கறையோடு மறைத்துவிடும். கதை முழுக்க இந்த அடைப்புக்குறிக்குள்தான் இருக்கிறது. அவசரக்காரர்கள் இத்தோடு எழுந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.)

3

தொடக்கங்கள்.

"நெப்ராஸ்காவின் மணல்மேடுகளில் புல் பச்சை பிடித்து—"

புல்லில் தொடங்கும் கதைகளை நானே படிக்க மாட்டேன்.

"டெல்மர் ஓட்டே தன் எழுபத்தோராவது வயதில் முதன்முறையாகப் பொய் சொன்னார்."

நல்ல வாக்கியம். இரண்டு நாள் வைத்திருந்தேன். ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான். அடித்துவிட்டேன்.

"லாவோன் ப்ரூஹாவுக்கு அந்த வருடம் அரசாங்கம் கொடுத்த வேலை, கேட்கக் கூடாததை எல்லோரிடமும் கேட்பது."

இது நிற்கிறது. இவள் பின்னாலேயே போவோம்.

4

லாவோன் மாவட்டப் பண்ணை அலுவலகத்தில் முப்பது வருடமாக இருக்கிறாள். ஐம்பத்தெட்டு வயது. அந்தக் கோடையில் அலுவலகக் கதவு பூட்டியே இருந்தது. எல்லாம் போனில், இல்லையென்றால் வாசலில் வைத்த பெட்டியில். நிவாரண விண்ணப்பப் பாரத்தில் உருப்படியான கேள்வி ஒன்றுதான்: ஏப்ரல் பதினாறு முதல் மே பதினான்கு வரை, எந்த நாளிலாவது உங்களிடம் அதிகபட்சமாக இருந்த மாடுகள் எத்தனை?

முதல் நாள் மூன்று பேருக்குப் போன் போட்டு, மூன்று பேரிடமும் வாய் வரவில்லை. நான்காவது ஆளிடம், "மூணாவது வரியில ஒரு கட்டம் இருக்கு, அதை நீங்களே நெரப்பிடுங்க, நான் பாக்கக்கூட மாட்டேன்" என்றாள். அந்த உத்தி ஊர் முழுக்கப் பரவி, பெட்டி நிறையக் காகிதம் விழுந்தது. நாலாக மடித்தது, எட்டாக மடித்தது, ஒட்டுநாடா சுற்றியது.

ரஸ் ஹேபர்மன் நாற்பது மைல் வண்டி ஓட்டிவந்து கண்ணாடிக் கதவைத் தட்டினான்.

"போன்லயே சொல்லிருக்கலாமே, ரஸ்?"

"போன் வயர் எத்தனை பேர் வீட்டு வழியா வருதுன்னு தெரியுமா உனக்கு?"

"இப்பல்லாம் வயரே இல்லை."

"அப்ப இன்னும் மோசம்."

பாரத்தைக் கண்ணாடியில் ஒரு நொடி அழுத்திக் காட்டினான். "பாத்துட்டியா? மறந்துடு" என்று சொல்லிப் பெட்டியில் போட்டுவிட்டு, இன்னொரு நாற்பது மைல் திரும்பி ஓட்டிக்கொண்டு போனான்.

செப்டம்பர் முதல் வாரம், கடைசித் தேதிக்கு ஒரு வாரம் இருக்கையில், வராத காகிதம் ஒன்றே ஒன்று. டெல்மர் ஓட்டே. லாவோன் போன் போட்டாள்.

"டெல்மர், லாவோன் பேசறேன். புல்லு எப்படி?"

"கெடக்கு. ஆகஸ்ட்ல ரெண்டு தூறல் போட்டுது."

"மர்னா எப்படி இருக்காங்க?"

"இருக்கா. இப்பத்தான் சாப்ட்டா."

"அந்த நிவாரணப் பாரம் இன்னும் வரலை."

"எனக்கு வேண்டாம், லாவோன். நெஜமா கஷ்டப்படறவங்களுக்குப் போகட்டும்."

"நீங்க வாங்கினா இன்னொருத்தருக்குக் கொறையற காசு இல்லை இது."

"வாங்காட்டியும் யாருக்கும் கொறையாதில்ல. விடு."

போன் வைக்கப்பட்டது.*

* இவர்கள் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். நான் இவர்களைக் கேட்பது மட்டும் ஆரம்பத்திலிருந்தே தமிழில்தான்.

5

இந்த இடத்தில் லாவோன் மீது எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அநியாயத்துக்கு நல்லவளாக இருக்கிறாள். இப்படி ஒருத்தியை எழுதிவைத்தால் படிப்பவர்களுக்கு எரிச்சல் வரும்; வர வேண்டும்.

ஆகவே ஒரு குறை வைக்கிறேன். அவளுக்குக் காலிக் கட்டம் ஆகாது. வாரப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் போட்டியில் ஒரு கட்டம் மிஞ்சினாலும் இல்லாத வார்த்தையைப் போட்டு நிரப்பிவிடுவாள். நிலவரைபடங்களைப் பார்த்துப் பார்த்து, யார் நிலம் எத்தனை மாட்டைத் தாங்கும் என்று மனதுக்குள் ஊர் முழுவதையும் எண்ணி வைத்திருப்பவள் அவள். (ஆமாம், அவளும் வகுத்தவள்தான். எனக்கு அது ஆறுதல்.) அவள் கணக்கில் டெல்மரிடம் இருநூறு மாடு இருந்தது. அப்படியானால் ஆறாயிரம் டாலருக்கு மேற்பட்ட காசை வேண்டாம் என்று சொல்லுகிறார். கரிசனம் பாதி, காலிக் கட்டம் பாதியாக, சனிக்கிழமை பாரத்தையும் ஒரு தட்டு இலவங்கப்பட்டை ரொட்டியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

6

டெல்மரின் வேலியைத் தொட்டதிலிருந்து வீட்டுக்கு ஆறு மைல். மேற்குப் புல்வெளியில் ஒன்றுமில்லை. வடக்கே ஓட்டியிருப்பார் என்று நினைத்தாள். தெற்கிலும் ஒன்றுமில்லை. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, எப்போதும் மாட்டுக் கால் பட்டு வெறும் மணலாகக் கிடக்கிற இடத்தில், முழங்கால் உயரத்துக்குப் புல் நின்றது. வண்டியின் வேகத்தைக் குறைத்தாள். அங்கேயே திரும்பிப் போயிருக்கலாம், அவளுக்கு அது தோன்றவும் செய்தது.

டெல்மர் முற்றத்தில் மர்னாவை நாற்காலியில் உட்காரவைத்துத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தார். மர்னா லாவோனைப் பார்த்துச் சிரித்தாள். யாரென்று தெரிந்த சிரிப்பு இல்லை, ஆனாலும் நல்ல சிரிப்பு. அவளுக்கு ஞாபகம் போய் மூன்று வருடமாகிறது. போன குளிர்காலம் தொண்ணூறு மைல் தள்ளிப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்ததும், தொற்று வந்தபின் டெல்மர் திரும்பக் கூட்டிவந்ததும் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாததை லாவோன் வழியில் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

"எந்த வழியா வந்தே?" என்றார் டெல்மர்.

"மேற்கு வழியா."

"அப்ப பாத்திருப்பே."

"நான் ஒண்ணும் கேக்கலை, டெல்மர்."

"நீ கேக்க மாட்டே. இங்க யாருமே கேக்க மாட்டாங்க. டிசம்பர்லேர்ந்து யாராவது கேட்டுட்டா என்ன சொல்றதுன்னு பயந்துக்கிட்டே இருக்கேன். ஒருத்தன் கேக்கலை." சீப்பில் சிக்கிய முடியை எடுத்தார். "சில நாள் யாராவது கேட்டாத் தேவலைன்னும் இருக்கும்."

பிறகு அவரே சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரே தேவாலயத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து லாரி வரவழைத்து, பக்கத்து மாநிலத்துச் சந்தைக்கு மாடுகளை ஏற்றினார். பேங்க் கடன் போக மிஞ்சியதை மர்னாவின் இல்லத்துக்கு ஒதுக்கினார். மார்ச்சில் இல்லத்தின் கதவைச் சாத்திவிட்டார்கள்.

"ஜன்னலுக்கு வெளிய நின்னேன். கையசைச்சா பதிலுக்கு அசைப்பா. யாருக்கோ அசைக்கிற மாதிரி அசைப்பா. ஏழு வாரம் நின்னேன். எட்டாவது வாரம் கூட்டிட்டு வந்துட்டேன். மாடு போச்சு, இவ வந்துட்டா. நஷ்டம்னு நான் சொல்ல மாட்டேன்."

(டிசம்பரில் விற்றதால் அந்த விற்பனைக்கு நிவாரணம் கிடையாது. ஜனவரி நடுவிலிருந்து விற்றவர்களுக்குத்தான். லாவோனுக்கு அந்தத் தேதி மனப்பாடம். ஒரு மாதம். அவள் அதை அவரிடம் சொல்லவில்லை.)

"கொஞ்சம் வெச்சிருக்கேன்" என்று கொட்டகைப் பக்கம் கை காட்டினார். அங்கே எத்தனை நின்றன என்று நான் சொல்லப் போவதில்லை. ஒருமுறை எண்ணிவிட்டேன். அதுவே அதிகம்.

"அந்தக் கொஞ்சத்துக்கே போடுங்க. வர்றது வரட்டும்."

"போட்டா பேரு லிஸ்ட்ல வரும். ரஸ் உக்காந்து வகுத்துப் பாப்பான்."

"அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லை."

"லாவோன், நானா இருந்தா வகுப்பேன்."

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். அப்புறம் அவர் முகம் மாறியது.

"மே மாசம் கன்னுங்களுக்கு அடையாளச் சூடு போட வருவாங்கல்ல. இருபது பேரு. எனக்கு வருவாங்க, நான் அவங்களுக்குப் போவேன். நாப்பத்தாறு வருஷமா. இந்த வருஷம் வியாதின்னு சொல்லித் தப்பிச்சேன். சொல்லிக்கற மாதிரி கன்னு இல்லாதவன் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அடுத்தவன் பட்டிக்குப் போய்க் கயிறு வீசறது? கூப்பிடத்தான் செய்வாங்க. நல்லவனுங்க. போனா நெழல்ல ஒரு நாற்காலி போட்டு உக்காருங்கம்பாங்க." சீப்பை நாற்காலிக் கையில் வைத்தார். "அந்த நாற்காலியில மட்டும் உக்கார மாட்டேன்."

7

பாரத்தில் மூன்றாவது வரி. மூன்று வழி இருந்தது, மூன்றையும் எழுதினேன்.

முதல் வழியில் அவர் நிரப்பவில்லை. பட்டியல் வெளியே வருகிறது, அவர் பெயர் இல்லை. ஊரில் எல்லோரும் வாங்கியதை ஒருவர் மட்டும் ஏன் வாங்கவில்லை என்று நினைக்க ரஸ்ஸுக்குக் கணக்குக்கூடத் தேவையில்லை. ஆகவே மௌனமும் காட்டிக் கொடுக்கும்.

இரண்டாம் வழிதான் எனக்கு ஆசை. இருநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதுகிறார். பழைய எண். காசும் வருகிறது, மானமும் நிற்கிறது. லாவோன் அதற்குக் கதவைத் திறந்தே வைத்தாள்: "நீங்க எழுதற எண்ணைப் போய்ச் சரிபார்க்கச் சொல்லி எனக்கு உத்தரவு எதுவும் இல்லை, டெல்மர்" என்று கொட்டகையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். முப்பது வருட வேலையில் அவள் சொன்ன ஆக அபாயமான வாக்கியம் அது. சொல்லி முடித்ததும் காதெல்லாம் சூடாகிவிட்டது.

டெல்மருக்குப் புரிந்தது. பேனாவை வாங்கிக்கொண்டார். மர்னா அவர் கையில் இருந்த பேனாவை எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"பழைய எண்ணைப் போட்டா, இவளுக்காக நான் எதையும் விக்கவே இல்லைன்னு ஆயிடும்" என்றார்.

உண்மையான எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மூன்றாம் வழி.

[பழைய எண்ணைப் பற்றி அவர் சொன்ன அந்த வாக்கியத்தை நான் அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை. இரண்டாம் வழியை முடித்துவிட்டுத் தூங்கப் போயிருந்தேன். காலையில் பல் தேய்க்கும்போது இவர் இதைச் சொன்னார். பத்துப் பக்கத்தைக் கிழித்தேன். அவர் கடைக்கு வந்த அன்று, நான் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றபோது, அவர் மட்டும் நிமிர்ந்து நின்றது ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அழுதேன். பல் தேய்த்துக்கொண்டே அழுவது அழகாக இருக்காது.]

8

வந்த காசோலை எவ்வளவு என்று கேட்காதீர்கள். சொன்னால் வகுப்பீர்கள்.

பட்டியல் குளிர்காலத்தில் வெளிவந்தது. யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்பது ஒருவருக்கும் தெரியாது, ஏனென்றால் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. தீவனக் கடையில் டெல்மர் நுழைந்தால் முன்பு "வாங்க" என்றவர்கள் இப்போதும் "வாங்க" என்றார்கள். அந்த "வாங்க" முன்பைவிட நீளமாக இருந்ததா என்று அவர் ஒவ்வொரு தடவையும் அளந்து பார்த்தார். லாவோன் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போய் மர்னாவோடு இருக்கத் தொடங்கினாள். அந்த மூன்று மணி நேரத்தில் அவர் வேலி பார்ப்பார், இல்லையென்றால் தூங்குவார்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு அவர் வேலிக்கும் போகவில்லை, தூங்கவும் இல்லை. சமையலறை மேசையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊரெல்லாம் தடுப்பூசி போட்டாயிற்று. இந்த வருடம் வியாதி என்று சொல்ல முடியாது. சூடு போடும் நாளை அவரவர்தான் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாதவன் வட்டத்திலிருந்து தானாகவே விலகிக்கொண்டவன். அடுத்தவர் பட்டிக்கு வேலையாளாகப் போக அவனுக்கு முகம் இருக்காது. நாற்காலிதான்.

"கூப்பிடறதுன்னா இன்னிக்குள்ள கூப்பிடணும்" என்றார்.

"நான் மர்னாவைக் கூட்டிட்டு அந்த ரூமுக்குப் போகட்டுமா?"

"இரு. நீ இருந்தா போனை வெச்சுட மாட்டேன்."

எண்களை அழுத்தினார். காது மந்தம் என்பதால் ஒலிபெருக்கியில் போட்டார். அடுப்பங்கரை முழுக்க மணி அடிப்பது கேட்டது.

"ஹேபர்மன்."

"ரஸ், டெல்மர் பேசறேன்."

"சொல்லுங்க டெல்மர். புல்லு எப்படி?"

"பரவால்ல. நேத்து ஒரு மழை." போனை இன்னும் கிட்ட இழுத்தார். "மே எட்டு. சனிக்கிழமை."

"எழுதியாச்சு. உங்களுது எப்பவும் ரெண்டாவது சனிதானே." தாள் புரளும் சத்தம் கேட்டது. "எத்தனை பேர் வேணும்?"

மாடு எத்தனை என்று இங்கே கேட்க மாட்டார்கள். ஆள் எத்தனை என்று கேட்டே ஆக வேண்டும், சாப்பாடு, கயிறு, குதிரை எல்லாம் அதை வைத்துத்தான். டெல்மர் எல்லா வருடமும் "வழக்கம்போல" என்பார், இருபது பேர் வருவார்கள். லாவோன் ரஸ்ஸின் குரலை உற்றுக் கேட்டாள். வகுத்துப் பார்த்த குரலா, பார்க்காத குரலா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்காகவே எனக்கு ரஸ்ஸைப் பிடிக்கும்.

9

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். முடிவு தெரியாமல் அல்ல, என்னிடம் மூன்று இருக்கிறது.

"ரெண்டு பேர் போதும்" என்று சொன்னால், அவர் தன் வாயாலேயே எண்ணைச் சொன்னதாக ஆகிவிடும். "வழக்கம்போல" என்றால் மே எட்டாம் தேதி இருபது பேர் குதிரையோடு வந்து, கால்மணி நேர வேலைக்கு முன்னால் நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். "இல்ல ரஸ், இந்த வருஷம் விட்டுடுவோம்" என்றால் யாரும் எதையும் பார்க்க வேண்டியதில்லை, அப்புறம் எந்த மே மாதத்திலும் இந்தப் போன் அடிக்காது.

நான் "வழக்கம்போல" என்று எழுதி, இருபது பேரையும் வரவழைத்து, ஒவ்வொருவரும் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்து பொழுதை ஓட்டுகிற மாதிரி ஒரு முழுப் பக்கம் எழுதினேன். படித்துவிட்டு அழித்தேன். அது அவர்கள் நல்லவர்கள் என்று நான் நம்புவதால் வந்தது. நம்பிச் சொல்ல வேண்டியவர் டெல்மர். ஏற்கெனவே ஒருமுறை அவரைக் கேட்காமல் அவர் எண்ணை எடுத்துக்கொண்டவன் நான். இன்னொரு தடவை எடுக்க மாட்டேன்.

நீங்கள் வேண்டுமானால் சொல்லுங்கள். அவர் உதடு திறந்திருக்கிறது. லாவோன் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், காலிக் கட்டம் ஆகாதவள், அவள்கூட வாயைத் திறக்கவில்லை. மர்னா அவர் முழங்கை மேல் கை வைத்திருக்கிறாள், யாருடைய கை என்று அவளுக்குத் தெரியாமலிருக்கலாம். போனில் ரஸ் பேனாவை மேசையில் வைக்கும் சத்தம் கேட்கிறது.

"அவசரமில்ல, டெல்மர்" என்கிறான். "யோசிச்சுச் சொல்லுங்க. நான் லைன்லதான் இருக்கேன்."